குதிகாலுக்கு ஓட்டை வைத்த செருப்பு

காலையில் பாயை விட்டு எழுந்து தரையில் வைக்கிற முதல் அடியைப் பற்றி, குதிகால் வலி வராதவர்களிடம் சொல்லிப் பயனில்லை. சொன்னால், "நடந்தா சரியாப் போயிரும்" என்பார்கள். உண்மைதான், பத்து அடி நடந்தால் கொஞ்சம் அடங்கும். அந்தப் பத்து அடியை யார் நடப்பது? நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, பாதத்தின் வெளி ஓரத்தை மட்டும் ஊன்றி, பின்வாசல் வரை நொண்டிக்கொண்டு போவேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன, பூக்குழி இறங்கப் போறியா?" என்று கேட்பார். அவருக்கு நாள் முழுக்க உட்கார்ந்து தைக்கிற வேலை. கிண்டல் வரத்தானே செய்யும்.

எனக்கு நின்று பார்க்கிற வேலை. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. திருப்பூரில், அவிநாசி போகிற சாலையை ஒட்டிய ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்து, டியூப் லைட் வெளிச்சத்தில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்க்க வேண்டும். குறை எங்கே இருக்கிறதோ அங்கே அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தனியே போட வேண்டும். காலை எட்டரை மணியிலிருந்து நின்றபடிதான். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும்; வெள்ளைத் துணியில் மண் பட்டுவிடுமாம். சூப்பர்வைசர்கள் மட்டும் செருப்போடு நடப்பார்கள். அவர்கள் செருப்பில் மண் ஒட்டாது போலிருக்கிறது.

டாக்டர் குதிகாலைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். பாதத்துக்கு அடியில் குதிகாலையும் விரல்களையும் இணைக்கிற சவ்வு புண்பட்டிருக்கிறது, அதனால்தான் உள்ளங்கால் வளைவிலும் இழுக்கிறது என்றார். "வெறுங்கால்ல நடக்காதீங்க. எம்.சி.ஆர். செருப்பு வாங்கிப் போடுங்க. ரொம்ப நேரம் நிக்காதீங்க." நல்ல மனிதர். வெறுங்காலில் ரொம்ப நேரம் நிற்பதுதான் என் வேலையே என்று அவரிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. எம்.சி.ஆர். என்கிற நுரை ரப்பர் செருப்பு வாங்கினேன். மெத்தென்று அருமையாகத்தான் இருந்தது. நாள் முழுக்க அது கம்பெனி வாசல் ரேக்கில் இளைப்பாறும். நான் உள்ளே தரையில் நிற்பேன்.

என் மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேவூர்ப் பக்கத்துக்காரி, என்னைவிட ஐந்து வயது இளையவள். நாங்கள் விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் அவள் வீடு எங்களுக்கு அடுத்த வாசல். ஆறு வருஷம் ஒரே மேஜை, ஒரே தண்ணீர்க் குழாய். கூடப்பிறந்தவள் என்று நான் சொன்னதில்லை, அப்படிச் சொல்லத் தோன்றாத அளவுக்கு அது இயல்பாக இருந்தது.

என் காலை என்னைவிட அவள்தான் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு செங்கல்லை அடுப்பில் சூடாக்கி, மேலே எருக்கிலையை அடுக்கி, அதன்மேல் என் குதிகாலை வைத்துப் பிடிப்பாள். "சூடு தாங்குதுங்களாக்கா? தாங்கலீன்னா சொல்லிப்போடுங்க." காம்பவுண்டில் பிரிட்ஜ் இருந்தது அவள் வீட்டில் மட்டும்தான். அதில் ஒரு தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து, வேலை முடிந்து வந்ததும் உள்ளங்காலில் உருட்டச் சொல்லிக் கொடுப்பாள். காலையில் எழுவதற்கு முன்னால், படுத்தபடியே துண்டைப் பாதத்தில் மாட்டி என் பக்கம் இழுத்துக்கொள்ளப் பழக்கியதும் அவள்தான். இதெல்லாம் உண்மையிலேயே வலியைக் குறைத்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

செங்கல் சூட்டில் கால் இருக்கும்போது வாய் தானாகத் திறந்துகொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம், சின்ன வயதில் வேப்பமரத்திலிருந்து விழுந்து இதே காலில் கட்டுப் போட்டுக் கிடந்ததைச் சொன்னேன். என்னைப் பெற்றவர்களே மறந்துபோன சங்கதி. "அய்யோ பாவமுங்கக்கா" என்று சொல்லிக் காலை இன்னும் கொஞ்சம் பதமாகப் பிடித்தாள்.

கம்பெனிக்குள் போட்டுக்கொள்ளத் துணிச்செருப்பு தைக்கலாம் என்பது அவள் யோசனை. செருப்பு தைக்கிறவரிடம் எம்.சி.ஆர். ரப்பர் துண்டு வாங்கி வந்தாள். என்னை அட்டைமேல் நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தாள். பிறகு உயிர் போகிற இடம் எது என்று கட்டைவிரலால் அழுத்தித் தேடினாள். நான் கத்தினேன். கத்திய இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, "டேமேஜுங்கக்கா, ரிஜெக்ட் பண்ணிப்போடலாமுங்களா?" என்றாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த ஸ்டிக்கர்மேல் குங்குமத்தைக் குழைத்துப் பூசி, ரப்பர்மேல் காலை வைக்கச் சொன்னாள். குங்குமம் பட்ட இடத்தில் காசு அளவுக்கு ஓர் ஓட்டை வெட்டினாள், வலிக்கிற இடம் எதிலும் படாமல் இருக்கட்டும் என்று. மேலும் கீழும் வெள்ளை பனியன் வேஸ்ட் துணியை அடுக்கடுக்காக வைத்துத் தைத்தாள். அதைப் போட்டுக்கொண்டு நின்ற முதல் நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரை நான் நொண்டாமல் நடந்தேன்.

மூன்று மாதம்தான். புதிதாக வந்த மேனேஜர் கண்ணில் பட்டுவிட்டது. "ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க" என்று சொல்லிக் கழற்றச் சொல்லிவிட்டார். மறுபடியும் வெறும் தரை, மறுபடியும் காலையில் சுவர்.

அந்தச் சமயத்தில்தான் ஆடிட் வந்தது. எங்கள் பனியனை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், தொழிலாளர்களை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் அனுப்புவார்கள். அதற்கு முந்தின நாள் எங்கள் முகத்துக்கு மாஸ்க் வரும், குடிதண்ணீருக்குப் புது டிரம் வரும், செக்கிங் மேஜைகளுக்கு அடியில் தடிமனான கறுப்பு ரப்பர் மேட் வரும். அதன்மேல் நிற்கிற அந்த ஒரு நாள் எனக்குத் தீபாவளி. ஆடிட் முடிந்த மறுநாள் மேட்டைச் சுருட்டி ஸ்டோரில் போட்டுவிடுவார்கள். கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையும் ஆபீசில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். "மேட் எப்பவும் இருக்குங்க" என்பது அதில் ஒன்று. இரண்டு வருஷம் அந்தப் பொய்யை நானே பிசகாமல் ஒப்பித்திருக்கிறேன்.

"இந்தத் தடவை நெசத்தைச் சொல்லிப்போடலாமுங்கக்கா" என்று அவள்தான் ஆரம்பித்தாள். "நீங்க முன்னால சொல்லுங்க, பொறவு நான் சொல்றேன். ரெண்டு பேரு சொன்னா நம்புவாங்க." எனக்குப் பயம்தான். ஆனாலும் மேட் கிடைத்துவிட்டால் இன்னும் பத்து வருஷம் இந்த வேலையில் நின்றுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சரி என்றேன்.

இரண்டிரண்டு பேராக ஓர் அறைக்குள் கூப்பிட்டார்கள்; நானும் அவளும் சேர்ந்து போனோம். கேட்க வந்திருந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் ஒரு பெண் மொழிபெயர்த்துச் சொன்னாள். நான் சொன்னேன். மேட் நேற்றுத்தான் வந்தது, நாளைக்குப் போய்விடும், வெறுங்காலில்தான் நிற்கிறோம், என் குதிகால் இப்படி ஆகிவிட்டது. அந்த அம்மா எழுதிக்கொண்டு, இவள் பக்கம் திரும்பினார்.

இவள் தரையைப் பார்த்தபடி, "இல்லீங்க, மேட்டு எப்பவுமே இருக்குதுங்க" என்றாள்.

அதையாவது நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பயந்துவிட்டாள், பாடம் படித்ததைச் சொல்லிவிட்டாள், நானும் சொன்னவள்தானே. ஆனால் அவள் நிறுத்தவில்லை. யாரும் கேட்காமலே, பாடத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னாள். "இந்தக்காவுக்குச் சின்னப்புள்ளையிலேயே மரத்துல இருந்து உளுந்து கால்ல கோளாறுங்க. அதுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லீங்க."

மரத்திலிருந்து விழுந்தது உண்மையா என்று என்னைக் கேட்டார்கள். உண்மைதானே? ஆமாம் என்றேன். அந்த அம்மாவின் பேனா முன்பு எழுதியதன்மேல் ஒரு கோடு கிழித்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் மல்லுக்கு நின்றிருப்பேன்.

இரண்டு வாரத்தில் ஆபீசில் கூப்பிட்டார்கள். காலில் பழைய கோளாறு இருப்பதாகப் பதிவாகிவிட்டதாம். நிற்கிற வேலைக்குத் தகுதி என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால் தொடரலாமாம். ரொம்ப நேரம் நிற்காதீர்கள் என்று சொன்ன டாக்டர் எப்படி எழுதித் தருவார்? வேலை போயிற்று.

அன்றைக்குத் தண்ணீர்க் குழாயடியில் அவளைப் பிடித்தேன். "ஏத்தா, நீயா இப்படிச் சொன்ன?"

"முந்துன நாளே ஆபீசுக்குக் கூப்புட்டாங்கக்கா. என்ன பேசப் போறீங்கன்னு கேட்டாங்க."

"நம்ம பேசுனது அவங்களுக்கு எப்படித்தா தெரியும்?"

குடம் நிறைந்து வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை. "நாந்தானுங்க போய்ச் சொன்னேன். சூப்பர்வைசர் எடம் காலியாகுதுன்னாங்க. எனக்கும் ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்குதுங்கக்கா."

அந்த நேரத்திலும் ஒரு 'ங்க' குறையவில்லை. அறைந்திருக்கலாம். என் குடத்தை எடுத்துக்கொண்டு நொண்டியபடி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அவள் சூப்பர்வைசர் ஆனாள். உள்ளே செருப்போடு நடக்கிறாள் என்று வேறொருத்தி வந்து சொன்னாள். நான் வீட்டிலேயே உட்கார்ந்து பனியனில் பிசிறு வெட்டத் தொடங்கினேன். பாயை விட்டு எழுந்ததும் கால் நுழைவது அவள் தைத்த துணிச்செருப்புக்குள்தான். எத்தனையோ தடவை குப்பையில் போட எடுத்திருக்கிறேன். காலையில் முதல் அடிக்கு வேறு வழியில்லாததால் திரும்பவும் பாய் ஓரத்தில் வைத்துவிடுவேன்.

ஒரு வருஷம் கழித்து அவள் வீடு மாறிப் போகும்போது என் வாசலில் வந்து நின்றாள். என் காலைத்தான் பார்த்தாள். "செருப்புத் தேஞ்சு போச்சாட்டம் இருக்குதுங்க. வேற தச்சுக் குடுக்கட்டுங்களாக்கா?"

"என் கால் கோளாறுக்கும் உனக்கும் சம்பந்தமில்லத்தா" என்றேன். போய்விட்டாள்.

வீம்புக்குச் சொல்லிவிட்டேன். செருப்பு நிஜமாகவே தேய்ந்து கிழிந்திருந்தது. ரப்பர் வாங்கி வந்து நானே செய்ய உட்கார்ந்தேன். தன் பாதத்தைத் தானே சுற்றி வரைய முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. குனிந்தால் கால் நகர்ந்துவிடுகிறது. அது கூடப் பரவாயில்லை, ஓட்டை எங்கே வைப்பது? கட்டைவிரலால் குதிகாலை அழுத்தித் தேடினேன். வலி வரப் போகிற இடத்துக்குப் பக்கத்தில் போனதும் என் விரல் தானாகத் தளர்ந்துவிட்டது. நாலு தடவை, ஐந்து தடவை, அப்படியேதான். என்னால் எனக்கு அவ்வளவு வலிக்க வைக்க முடியவில்லை.

கடைசியில் பழைய செருப்பின் தையலைப் பிரித்தேன். உள்ளே நசுங்கிப்போன ரப்பர், நடுவே அவள் வெட்டிய ஓட்டை, அதன் விளிம்பில் இன்னும் கொஞ்சம் குங்குமச் சிவப்பு. அதைப் புது ரப்பரின்மேல் வைத்து, சுற்றிலும் வரைந்துகொண்டு, ஓட்டையின் ஓரமாகவே பென்சிலை ஓட்டி வட்டம் வரைந்தேன். வெட்டி, தைத்து, காலை நுழைத்து எழுந்து நின்றேன். சரியாகப் பொருந்தியது. மயிரிழை கூடத் தப்பவில்லை, எனக்கு எங்கே வலிக்கும் என்று அவளுக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது. நின்றபடியே அழுதேன்.