மூன்று மொழி தெரிந்த அண்ணாவுக்கும் வந்த வருத்தம்

முதலில் பிசகியது கைகள்தான். ஒரு காலை குசினியில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி நின்றேன். அதைக் குடிக்கவும் தோன்றவில்லை, கீழே வைக்கவும் தோன்றவில்லை. ஆறி ஆடை படிந்த பிறகு அப்பா வந்து கோப்பையை வாங்கினார்.

அவர் முகம் வெளுத்திருந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் என் அண்ணா தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

அண்ணா தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் கவிதை எழுதியவர். மூன்று மொழிக்காரரும் அவரைத் தங்கள் ஆள் என்றார்கள். செத்தவீட்டில் அந்தத் திறமையே அவருக்கு எதிராகத் திரும்பியது. "ஆண்டவர் அள்ளிக் குடுத்ததை உதறிப்போட்டுப் போனவனுக்கு என்ன இரக்கம்?" என்றார் ஓர் உறவினர். இன்னும் சிலர், மேதைகளின் முடிவு இப்படித்தான் என்று பெருமைபோலச் சொன்னார்கள்.

திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அப்பா என்னைக் கூட்டிப்போனார். விறாந்தையில் போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்து நெடுநேரம் காத்திருந்தோம். டொக்டர் கிண்ணியாவைச் சேர்ந்த பெண். மனச்சோர்வு நோய் (தூக்கம், பசி, யோசனை எல்லாவற்றையும் பிடிக்கும் வருத்தம்) என்றார். பிறகு நேராகக் கேட்டார்:

"சாகவேணும் எண்ட யோசனை வருகுதா?"

"ஓம்."

அப்பாவின் பக்கம் நான் திரும்பவில்லை. அன்றே வார்ட்டில் சேர்த்தார்கள்.

என் மனம் எனக்கு எதிராக வழக்காடிக்கொண்டே இருந்தது. நீ அப்பாவுக்குப் பாரம், நீ இல்லாவிட்டால் அவர் நிம்மதியாக இருப்பார் என்றது. அது நோயின் பேச்சு என்று எனக்குத் தெரியவில்லை. உண்மை போலவே கேட்டது. சாதாரணமான என் மூளையே இவ்வளவு நன்றாக வாதாடினால், அண்ணாவின் மூளை எப்படி வாதாடியிருக்கும்!

மருந்து பிடிக்கத் தொடங்கிய பிறகு, என் கட்டிலருகே வந்த டொக்டரிடம் அப்பா கேட்டார்: "மூண்டு மொழி தெரிஞ்ச பிள்ளை. 'எனக்கு ஏலாது, அப்பா' எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாம்தானே? எனக்கு அவனில கோவம்தான் வருது."

"கோவம் வரும், ஐயா. ஆனா இந்த வருத்தம் யோசிக்கிற இடத்தையே பிடிச்சிடும். நல்லாக் கதைக்கத் தெரிஞ்சவங்க அதை வடிவா மறைச்சும் போடுவாங்க."

நான் கேட்டேன்: "அப்பா, என்னில உங்களுக்கு இரக்கம் வருகுதா?"

"இதென்ன கேள்வி, பிள்ளை?"

"நான் பாங்கில வேலை செய்யிறனான். ஒரு கவிதையும் எழுதினதில்லை. அண்ணாவுக்கு வந்த அதே வருத்தம்தான் எனக்கும் வந்தது."

அப்பா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "அவனுக்கு நல்லா நொந்திருக்கும், என்ன?" என்றார். அதன் பிறகுதான் அழுதார்.

இரக்கத்துக்குத் தகுதி பார்க்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். திறமை அதைக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். அண்ணாவின் முடிவில் மகத்துவம் எதுவும் இல்லை. அவர் பிழைத்திருக்கலாம். சாகவேண்டும் என்ற அதே யோசனையோடு நீங்கள் இதை வாசித்தால், இன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். சொற்கள் நன்றாக இருக்க வேண்டியதில்லை.

மாத்திரை இன்னும் தொடர்கிறது. உடம்பை முன்புபோல ஏவுவதில்லை. கூட வசிக்கும் ஆளைப்போல அதை விசாரித்துக்கொள்கிறேன். அண்ணா இறந்த வயதை இந்த வருடம் நான் தாண்டினேன். அவருக்கு மூத்தவளாகிவிட்டேன். அப்படித் தாண்டிய நாளில் துறைமுகப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது பசித்தது. கடையில் நின்று ரொட்டி வாங்கி, சூடு ஆறுமுன் சாப்பிட்டேன்.