இரண்டு இடது பக்கங்கள்

இங்கிலாந்தின் வெல்லிங்பரோ ரயில் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் டிக்கெட் கொடுத்தவர் பேசில் கிராக்சல். அதைத் தவிர வேறெதற்கும் பழகாத அந்தக் கைகளை நம்பி வீட்டிலேயே ஒரு கார் செய்யலாம் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டால் அவரிடமே பதில் கிடையாது. ஒரு பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, இரும்புக் குழாய்களால் ஆன கூடு ஒன்றையும் பெட்டி பெட்டியாகச் சாமான்களையும் வரவழைத்தார். கூரையில்லாத, இருவர் மட்டும் உட்காரக்கூடிய சின்னக் கார். ஒரே கோடைக்காலத்தில் முடித்துவிடலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. எந்த வருஷத்துக் கோடை என்று போடவில்லை என்பார் பேசில்.

அப்படிச் சொல்லிச் சிரிப்பது அவர் வழக்கம். தன் குறையைப் பிறர் கண்டுபிடிக்குமுன் தானே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு வில்ஃப் பார்ஜிட்டர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்னப்பா பேசில், வண்டி ஓடற நாள்ல நமக்குக் கண்ணு தெரியுமா?" என்று கேட்டால், "கண்ணு தெரியலைன்னா நல்லதுதான். வண்டியைப் பாக்க வேண்டியதில்லையே" என்று இவர் முந்திக்கொள்வார். வில்ஃப் அதோடு ஓய்ந்துபோவார். கேலி செய்ய மிச்சம் எதையும் வைக்காத மனுஷனை எப்படிக் கேலி செய்வது?

ஆறாவது வருஷம் வசந்தகாலத்தில் காரின் முன்பாதி முடிந்திருந்தது. பின்பாதி வெறும் குழாய்தான். பின்னால் நேரே நிற்கும் பகுதிக்கு ஒரு தட்டையான அலுமினியத் தகடு போதும். தொல்லை இரண்டு மூலைகளில். பக்கவாட்டில் தொடங்கி, மூலையில் வளைந்து, பின்பக்கத்தோடு போய்ச் சேர வேண்டிய தகடுகள் அவை. அவற்றின் மேல் விளிம்பு குழாயைச் சுற்றி மடிந்து உட்கார வேண்டும்.

பேசில் காலை உணவுப் பெட்டிகளின் அட்டையை வெட்டி ஒட்டி மாதிரி செய்தார். மாதிரி அழகாகவே வந்தது. அட்டை சொன்னபடி கேட்கும், அதனால் வந்த தைரியம். அதை வைத்து இரண்டு தகடுகளை வெட்டி, இரண்டுக்கும் மேல் விளிம்பை மடித்து, பட்டறை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று ரசித்தார். இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல இருந்தன. அதில்தான் அவருக்குப் பெருமை.

அந்த நேரம் பார்த்து கிளெனிஸ் தேநீர் கொண்டுவந்தாள். கிளெனிஸ் அவர் மனைவி. பக்கத்து ஊரான ரஷ்டனில் ஒரு ஷூ தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் மேல்தோல் தைத்தவள். அது மூடிய பிறகு இப்போது ரொட்டிக்கடையில் அரைநாள் வேலை. கோப்பையை வைத்தவள் தகடுகளை ஒருமுறை பார்த்தாள்.

"பேசில், இது ரெண்டுமே இடது கால்."

"என்னது?"

"ரெண்டையும் ஒரே பக்கமா மடிச்சிருக்க. வலது பக்கத்துக்கு எது?"

பேசில் ஒரு தகட்டைத் தூக்கிக் காரின் வலது மூலையில் வைத்துப் பார்த்தார். மடிப்பு வெளியே பார்த்தது. தலைகீழாகத் திருப்பினார். மடிப்பு உள்ளே போயிற்று, ஆனால் கீழே போயிற்று. கிளெனிஸ் ஒரு பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றபடி அவர் திருப்பி முடிக்கும்வரை காத்திருந்தாள். மடிப்பை நிமிர்த்தப் பார்த்தபோது தகடு மடிப்பு நெடுக விரிசல் விட்டுக் கிழிந்தது. ஒரு தகடு போயிற்று.

"பரவாயில்ல. ரெண்டு இடது மூலை உள்ள காருன்னா இந்த ஜில்லாவுலயே நம்மளதுதான்" என்றார் பேசில். கிளெனிஸ் சிரிக்கவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மிஞ்சிய இடது தகட்டைக் கழிவுநீர்க் குழாய் ஒன்றின்மேல் வைத்து அமுக்கி வளைத்தார். விளிம்பை முதலிலேயே மடித்துவிட்டதால் அது வளைய மறுத்தது. அமுக்க அமுக்க, வளைவு ஒரே சீராக வராமல் ஆறு இடங்களில் ஒடிந்து ஒடிந்து திரும்பியது. சுத்தியலால் தட்டிச் சரிசெய்யப் போனார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மேடு போய் இரண்டு மேடு வந்தது. கடைசியில் கைவிட்டு, கசக்கிய பிஸ்கட் டப்பா மாதிரி இருந்த அதை அப்படியே காரில் பொருத்தினார். வில்ஃப் வேலிக்கு வருமுன் இவரே போய்க் கூப்பிட்டு, வந்து பார், பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி இருக்கிறது, இனி யாரும் இடித்தாலும் கவலையில்லை என்று காட்டினார்.

வலது மூலைக்குப் புதுத் தகடு வந்தது. பேசில் அதைத் தொடவே பயந்து நாலு நாள் பட்டறையைப் பெருக்கினார். ஐந்தாம் நாள் கிளெனிஸ் கையுறை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"நகரு. நான் பாக்கறேன்."

"இது தோல் இல்ல, கிளெனிஸ்."

"தோலும் முதல்ல இப்பிடித்தான் முரண்டு பிடிக்கும். நீ முதல்லயே ஓரத்தை மடிச்ச, அப்பறம் வளைச்ச. எந்த ஷூவை அப்பிடிப் பண்ணுவாங்க? முதல்ல உடம்பு வளையணும். ஓரத்தை அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து உக்காத்தணும்."

தகட்டை மிருதுவாக்க ஒரு வழி பேசிலுக்குத் தெரியும், படித்திருந்தார். துணி சோப்பைத் தடவித் தீயால் சூடு காட்டினால், சோப்பு கறுக்கும்போது தகடு பதமாகியிருக்கும். படித்தாரே தவிர தைரியம் வந்ததில்லை. கிளெனிஸ் கேட்டுவிட்டு சமையலறையிலிருந்து சோப்பை எடுத்துவந்தாள். அவர் சூடு காட்ட, அவள் கறுப்பதைப் பார்த்துச் சொன்னாள். ஆறியதும் மணல் மூட்டைமேல் வைத்து உள்ளங்கையாலேயே அழுத்தி வளைத்தாள். பிறகு காரில் வைத்து தகடு நகராமலிருக்க நடுவில் தற்காலிக ஊசி ஒன்று மாட்டி, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் விரலளவு விரலளவாக ரப்பர் சுத்தியலால் விளிம்பைக் குழாயோடு ஒட்டினாள். ஒரு சனிக்கிழமை முழுக்க ஆயிற்று. சாப்பிடக்கூட எழவில்லை. பேசில் ரொட்டிக்கு நடுவே சீஸ் வைத்துக் கொண்டுவந்து கொடுத்ததை ஒரு கையால் தின்றாள்.

முடிந்ததும் அந்த மூலையில் கையை ஓட்டிப் பார்த்தார் பேசில். கை எங்கும் நிற்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் இடது மூலைப் பக்கம் திரும்பாமலே சுத்தியல்களை எடுத்து அடுக்கினார்.

ஓரங்களில் பசை தடவி எண்பத்து நாலு ரிவெட் ஆணி அடித்து மூன்று தகடுகளையும் மூடினார்கள். கடைசி ரிவெட் அடித்த மறுநாள் வில்ஃப் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, பெட்ரோல் எங்கே ஊற்றுவாய் என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார். தொட்டி உள்ளே இருந்தது. அதற்கு வழிதான் இல்லை. ஊற்றும் துளை வெட்டுவதற்காக நடுத் தகட்டின் ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்து மறுபடி அடிக்க ஒரு வாரம் ஆயிற்று. இந்தக் கதையைப் பேசில் ஊரெல்லாம் சொன்னார்.

ஜூன் மாதம் அரசாங்கப் பரிசோதனையில் வண்டி தேறியது. ஜூலையில் வீட்டிலேயே கார் செய்தவர்கள் கூடும் ஒரு திடலுக்கு ஓட்டிப்போனார்கள். புல்வெளியில் வரிசையாக நாற்பது வண்டிகள். ஆட்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் குனிந்து பார்த்தபடி நடந்தார்கள். நரைத்த தாடிக்காரர் ஒருவர், ராய்ஸ்டன் என்று பெயர், இவர்கள் வண்டியின் பின்னால் வந்து நின்றார். பேசில் அவரை வாய் திறக்கவே விடவில்லை. பின்பக்கத்தைப் பார்க்காதீர்கள், டிக்கெட் கொடுத்த கை, மொத்தமும் அலங்கோலம், குருடன் இருட்டில் செய்தாலும் இதைவிட நன்றாக வரும் என்று அடுக்கினார். ராய்ஸ்டன் சிரித்தார். இன்னும் நாலு பேர் கூடினார்கள். பேசிலுக்கு உற்சாகம் ஏறியது.

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிளெனிஸ் எழுந்து வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"வலது பக்கம் நான் செஞ்சது. உன் பக்கத்தைப் பத்தி நீ என்ன வேணா சொல்லிக்க. என் பக்கத்தைச் சேத்துக்காத."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். ராய்ஸ்டன் வலது மூலைக்குப் போய்க் குனிந்தார். விரலை ஓட்டினார். பிறகு கிளெனிஸிடம், விளிம்பை எப்படி உட்கார்த்தினீர்கள் என்று கேட்டார். அவள் சொல்லச் சொல்ல மற்றவர்களும் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். பேசில் இடது மூலையில் தனியாக நின்றார்.

திரும்பி வரும்போது கூரையில்லாத காரில் காற்று இரைந்ததால் பேச வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அது நல்லதாயிற்று என்று நினைத்தார். ஆறு வருஷமாகத் தன்னைத்தான் கேலி செய்துகொண்டிருப்பதாக அவருக்கு எண்ணம். அவள் ஒரு நாள் முழுக்கக் குனிந்து செய்ததையும் சேர்த்து மட்டம் தட்டியிருக்கிறார். இன்னொன்றும் தெரிந்தது. அலங்கோலம் என்று சொல்லிவிட்டால் அதைத் திருத்த வேண்டியதில்லை. அதுதான் அதில் இருந்த சௌகரியம். வீடு வந்ததும் மன்னிப்புக் கேட்டார். "ம்" என்றாள், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிரில்லை எடுத்து இடது மூலையின் ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்தார். கிளெனிஸிடம் செய்து தரச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அவளே வந்து பட்டறை வாசலில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பீன்ஸ் உரிக்கத் தொடங்கினாள்.

"நீயே செய். நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

சோப்பு தடவினார். கொஞ்சம் அதிகமாகச் சூடு காட்டி ஒரு ஓரத்தை உருக்கினார். அந்தத் தகடு போயிற்று. என்னமோ சொல்ல வாயெடுத்தார். கிளெனிஸ் நிமிர்ந்து பார்த்தாள். சொல்லாமல் அடுத்த தகட்டை எடுத்தார். இரண்டு வாரம் பிடித்தது. வந்தது அவள் செய்த அளவு இல்லை, அடிவளைவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தட்டை விழுந்திருந்தது. ஆனால் அது ஒரு காரின் மூலை.

செப்டம்பரில் ஹன்ஸ்டன்டன் கடற்கரைக்குப் போனார்கள், பாதி வழி மழையில். வழியில் பெட்ரோல் போட நின்றபோது லாரி ஓட்டுகிற ஒருவர் வந்து வண்டியைச் சுற்றினார். இதெல்லாம் நீங்களே செய்ததா என்று கேட்டார்.

பேசிலின் நாக்கு நுனியில் ஏழெட்டு வாக்கியங்கள் வந்து நின்றன. விழுங்கிக்கொண்டார்.

"வலது மூலை இவங்க செஞ்சது. இடது நான்."

லாரிக்காரர் வலதைப் பார்த்தார். இடதைப் பார்த்தார். மறுபடி குனிந்து இடதையே கவனமாகப் பார்த்தார். பேசில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் பக்கம் டயர்ல காத்து கம்மியா இருக்குங்க" என்றார் அவர்.