மாலையும் சேஃப்டி ஷூவும்

எங்கள் சுரங்கத்தில் சேஃப்டி ஷூ இல்லாமல் கன்வேயர் பெல்ட் பக்கம் போகக்கூடாது. ஒரு கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்ட, என்னோடு பெல்ட்டில் வேலை பார்க்கும் முருகேசன், வெறுங்காலோடுதான் இருப்பேன் என்றார். அதிகாரி அவரை ஏ.சி. அறையில் உட்கார வைத்தார். கரித்தூளில் நின்ற எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த வருஷம் நானும் மாலை போட்டு, வெறுங்காலோடு போய் நின்றேன்.

"ஏ.சி. ரூம்ல ஒரு சீட்டுதாங்க, அதுல முருகேசன் இருக்காரு. நீங்க ஷூ போடுறீங்களா, சம்பளமில்லாம லீவு போடுறீங்களா?" என்றார் அதிகாரி.

"ஷூவே போட்டுக்கிறேன் சார்."

"போன வருஷம் அவருகிட்டயும் இதத்தான் கேட்டேன். சம்பளமில்லாத லீவுக்கு லெட்டரை நீட்டினாரு. அப்புறந்தான் சீட்டு தேடினேன்."

இப்போதெல்லாம் நான் மாலை போடுவதில்லை. கார்த்திகையில் முருகேசனுடைய பெல்ட் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறேன். அவர் நாற்காலிமேல் இருந்த பொறாமை போய்விட்டது. அந்த லீவு லெட்டர்மேல் இன்னும் இருக்கிறது.