வாய் பொத்திய கை

என் இங்கிலீஷ் நாக்கில் தடுக்கவில்லை, கையில்தான் தடுக்கிறது என்பது இன்று வகுப்பில் எழுந்து பேசியபோதுதான் உறைத்தது. காலேஜில் எஃப்.ஏ. முதல் வருஷக்காரர்கள் ஆளுக்கொரு பிரசங்கம் செய்ய வேண்டும். எனக்கு மனப்பாடம். ஆனால் பாடம் நடத்தும் வெள்ளைக்காரத் துரை நிமிர்ந்து பார்த்ததும், என் வலது கை தானாக எழுந்து வாயைப் பொத்திக்கொண்டது.

"என்ன ராவுத்தரே, பல்லு வலியா?" என்றான் பின்வரிசையில் ஒருவன். வகுப்பே சிரித்தது.

உள்ளங்கை வியர்வை வாடை மூக்கில் ஏற, ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் ஜவுளிக்கடை வாசலில் சின்னப் பையனாக நின்றேன். தேருக்கு முந்திய நாள். கடைப்பந்தல் தேருக்கு இடைஞ்சல் என்றார் தாசில்தார். என்னைப் பெற்ற அத்தா துண்டைக் கக்கத்தில் இடுக்கி, வாய் பொத்திக் குனிந்து, தேர் இந்தத் தெருவுக்கே வராது என்றார். உண்மைதான். ஆனால் விரல்களைத் தாண்டி ஒரு சொல்லும் வெளியே வரவில்லை.

"என்னய்யா முனகுறான்? பந்தலப் பிரிச்சுப் போடு."

சேவகர்கள் பிரித்தார்கள். நான் அத்தாவை இழுத்தேன். "அவியளுக்குக் கேக்கலத்தா. கைய எடுத்துட்டுச் சொல்லுங்க."

"ஏலே, பெரியவிய மேல எச்சி தெறிக்கப்படாது," என்று, கஞ்சித்துணி மணக்கும் அதே கையால் என் வாயையும் பொத்தினார். நன்றாகத்தான் பொத்தியிருக்கிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி பேச வேண்டும். தவறினால் பேச்சு வகுப்பில் எனக்கு இடமில்லை என்றுவிட்டார் துரை. அதற்குள் ஊருக்குப் போய், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அத்தா முன்னால் நாலு வார்த்தை பேசிப் பார்க்கப்போகிறேன். தமிழில்தான்.