பெரியப்பாவின் லோஞ்ச்

நேற்று பெற்றோல் செட்டில், தலைசுற்றுகிறதென்று மகள் தேசிக்காயை நகத்தால் கீறி முகர்ந்தாள். அந்த எலுமிச்சை மணம் டீசலோடு கலந்து, இன்று இல்லாத எங்கள் பயணிகள் படகான மோட்டார் லோஞ்சின் முன்பக்க அணியத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது.

அப்பப்பா தொடங்கிய லோஞ்ச் ஓட்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு, அப்பாவும் பெரியப்பாவும் கதைபேச்சில்லாமல் இருந்த காலம். நயினாதீவுத் திருவிழாவுக்கு இரண்டு லோஞ்சும் ஒன்றாகவே குறிகட்டுவான் துறையை விட்டுப் புறப்படும். உள்ளே பெண்கள் குமட்டலுக்குத் தேசிக்காய் முகர, எஞ்சின் அதிர்வில் பலகையெல்லாம் நடுங்க, உப்புத் தண்ணீர் முகத்தில் அடிக்க, யார் முதலில் தீவுத் துறையைத் தொடுவார்கள் என்று எட்டி எட்டிப் பார்ப்பேன். எப்போதும் பெரியப்பாதான்.

ஒருநாள் நடுக்கடலில் பெரியப்பாவின் எஞ்சின் நின்றுவிட்டது. அப்பா பேசாமல் கயிறு எறிந்து, அந்த லோஞ்சை இழுத்துக்கொண்டு போனார்.

"இண்டைக்கு நாங்கள்தான் முதல்," என்று துள்ளினேன்.

துறை கிட்ட வந்ததும் அப்பா வேகத்தைக் குறைத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். இழுபட்ட வேகத்திலேயே பெரியப்பாவின் லோஞ்ச் எங்களைத் தாண்டி வழுக்கிப் போய்த் துறையைத் தொட்டது.

"ஏனப்பா விட்டனீங்கள்?"

அப்பா எங்கள் லோஞ்சைத் துறைப் பக்கம் திருப்பினார். துறையில் குதித்த பெரியப்பா திரும்பி, அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"தம்பி, கயித்தை எறி. நான் கட்டுறன்."