அறுந்துபோகாத வலை

போன வாரம் மதுரையில் மீன் கடைக்காரர் ஐஸுக்குள்ளிருந்து ஒரு சூரை மீனை இழுத்துப் போட்டார். முதுகில் அதே கருநீலம். "கொச்சி சரக்கு சார், நம்பி வாங்குங்க" என்றார். கொச்சியா என்று கேட்டுவிட்டு வெறும் பையோடு திரும்பினேன். வீட்டில் நல்ல திட்டு. அது வேறு கதை.

1950களின் கடைசியில் எனக்கு மண்டபம் ஊரில், கடலோர சர்க்கார் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம். பெரிதாக நினைத்துவிடாதீர்கள். காலையில் கடல்தண்ணீரை வாளியில் மொண்டு, வெப்பமானியை முக்கிப் பார்த்து எழுத வேண்டும். பிறகு கரைக்கு வரும் சூரைகளை நீளம் அளக்க வேண்டும். எத்தனை தரம் துவைத்தாலும் சட்டையில் மீன் ரத்த வாடை போகாது. ராமநாதபுரம் பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்; சௌகரியமாகக் காலை நீட்டிக்கொண்டு போவேன்.

அங்கே என் சேக்காளி சவரிமுத்து. என் வயதுதான், சொந்தமாக வள்ளம் வைத்திருந்தான். அப்போதெல்லாம் சூரைக் கூட்டம் கரையிலிருந்தே தெரியும். ஓரிடத்தில் மட்டும் கடல் உலைபோலக் கொதிக்கும். மேலே பறவைகள் விழுந்து விழுந்து எழும். இருவரும் வெயிலில் நின்று பார்ப்போம்.

ஒரு வருஷம் கூட்டம் வரவேயில்லை. தண்ணீரும் வழக்கத்தைவிடச் சூடு. சவரிமுத்து அப்போதுதான் பருத்தி வலையை விட்டு நைலானுக்கு மாறியிருந்தான். எங்கள் கரைக்கு அதுதான் முதல் நைலான் வலை.

"மீனு எங்கன போயிருக்கும் சார்? ஒங்க கண்ணாடிக் குழாய்க்குத் தெரியுமா?"

எனக்கு எப்படித் தெரியும்? வேறெந்தக் கடலைப் பற்றியோ ஒரு புத்தகத்தில் நாலு பக்கம் படித்திருந்தேன், அவ்வளவுதான். ஆனால் சர்க்கார் தோரணை விடுமா? "கரைத்தண்ணி சுடுது. குளிர்ச்சி தேடித் தெக்க, ஆழத்துக்குப் போயிருக்கும்" என்றேன்.

போனான். முதல் நாள் வள்ளம் கொள்ளாத சூரை. என்னைக் கட்டிப்பிடித்து அந்தச் சட்டையை இன்னும் நாறவைத்தான். மறுநாளும் போனான். மேற்கிலிருந்து கச்சான் காற்று திடீரென்று எழும்பியது. கூடப் போன அவன் மச்சினன் மட்டும் ஒரு பலகையைப் பிடித்துக் கரை சேர்ந்தான்.

"வலை நெறைய மீனு சார். பருத்தின்னா அந்துபோயிருக்கும். இது அறல. வெட்டி விடுங்க மச்சான்னேன். புது வலைடான்னாரு. வள்ளத்தையே சாச்சிருச்சு."

சவரிமுத்துவின் உடல் கிடைக்கவில்லை.

பத்து நாள் கழித்து, நான் மீன் அளந்துகொண்டிருந்த இடத்துக்கு அவன் மனைவி ரோசம்மாள் வந்தாள்.

"மீனு அங்கன இருக்குன்னு நீங்கதான் சொன்னீகளாம்."

"ஆமாம்மா."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப சரி" என்று திரும்பி நடந்தாள். திட்டியிருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன்.

அதன்பின் கரை முழுக்க நைலான் வந்தது. சூரை வருஷத்துக்கு வருஷம் விலகிப் போனது. வலைதான் விரட்டியதோ, தண்ணீர்தான் மாறியதோ, நான் எழுதிய எண்களில் பதில் இல்லை. சமீபத்தில் அங்கே போயிருந்தபோது படகுக்காரர் ஒருவரிடம், அந்தக் காலத்தில் இங்கே நின்றாலே சூரைக் கூட்டம் தெரியும் என்றேன்.

"கரையிலருந்தேவா? சும்மா கதை விடாதீக" என்று சிரித்தார்.

ஆமாம் என்று சொல்ல என்னோடு நின்று பார்த்தவன் ஒருவன்தான் இருந்தான்.