சூடத்தட்டைத் தட்டிவிட்ட மனைவி

ஆடி அமாவாசைக்குக் காரையாறு கோயிலில் குடும்பத்தோடு தங்குவது எங்கள் வழக்கம். இந்த முறை எங்கள் பழைய பெட்ரோல் ஜீப்பின் பின்பக்கம், பேட்டரியில் ஓடும் ஃபிரிட்ஜ் பெட்டியும் சாமான் வைக்கப் பலகை இழுப்பறையும் நானே செய்தேன். ஆடாமலிருக்க நீள ஸ்க்ரூக்களை ஜீப்பின் தரையோடு முடுக்கினேன். அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை.

புறப்படும் அன்று தச்சநல்லூர் வீட்டு வாசலில் ஜீப்பை ஸ்டார்ட் செய்து, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடத்தட்டை எடுத்தேன். பிள்ளைகள் உள்ளே ஏறிவிட்டார்கள்.

"ஏங்க, பெட்ரோல் வாடை அடிக்கி. செத்த பொறுங்க" என்றாள் மனைவி.

"ஏட்டி, சாமி காரியத்துல குறுக்க பேசாத. ஃபிரிட்ஜே செஞ்சவனுக்கு இது தெரியாதாக்கும்?" என்று தீக்குச்சியை எடுத்தேன்.

அவள் தட்டைத் தட்டிவிட்டாள். சூடம் மண்ணில் சிதறியது. தெருவே பார்க்க அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அவள் விலகவில்லை.

"அடிக்கதுக்கு முன்னால கீழ பாருங்க."

நான் முடுக்கிய ஸ்க்ரூ ஒன்று பெட்ரோல் குழாயைத் துளைத்திருந்தது. ஜீப்பை ஸ்டார்ட் செய்ததும் அதிலிருந்து பெட்ரோல் பீறிட்டு, என் காலடி வரை ஓடி வந்திருந்தது.

இப்போதெல்லாம் வண்டியில் ஓட்டை போடுமுன் அடியில் படுத்துப் பார்க்கிறேன். அவள் சரி என்ற பிறகுதான் சூடம் ஏற்றுகிறேன். அவள் மன்னித்துவிட்டாள். ஆனாலும் தினமும் திருநீறு எடுக்கும்போது, ஓங்கியது இந்தக் கைதானே என்று கூசுகிறது.